டெலவேர் மேற்குக் கிளையில் அக்டோபர் டிரவுட்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நியூயார்க் மாநிலத்தில், டெபாசிட் ஊருக்குக் கீழே டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளையில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய தூண்டில் இரை) போட்டு பிரவுன் டிரவுட் மீன் பிடிப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

மே, ஜூனில் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக எழும்போது பெரிய சிரமம் இல்லை. இப்போது டிரைக்கோ பூச்சி முடிந்துவிட்டது, ஐசோனிக்கியா பூச்சியும் அங்கொன்று இங்கொன்றுதான். மிச்சம் இருப்பது புளூ விங்டு ஆலிவ் என்ற சின்னப் பூச்சிதான். அதுவும் மேகம் மூடிய மதியங்களில் கொஞ்ச நேரம்.

அந்த நேரத்தில் மீன் மேலே வருகிறது, ஆனால் என் ஃப்ளையைச் சீண்டுவதில்லை. நான் போடுவது 20ஆம் எண் கொக்கியில் கட்டிய ஆலிவ் ஃப்ளை, 6எக்ஸ் டிப்பெட் (தூண்டில் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு). கவனித்துப் பார்த்தால் மூக்கு வெளியே வருவதில்லை. முதுகும் வால் நுனியும்தான் தெரிகின்றன. இறக்கை விரியாத பூச்சியை நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பிடித்துத் தின்கிறது என்று நினைக்கிறேன். சரி, எமர்ஜருக்கு (அப்படி இறக்கை விரியாத பூச்சி போலக் கட்டிய ஃப்ளை) மாறுவதா, அல்லது இன்னும் சின்னதாக 22ஆம் எண் கொக்கிக்கு இறங்கினால் போதுமா?

அப்புறம், பூச்சியே இல்லாத காலை வேளையில் என்ன செய்வீர்கள்? ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை (நீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சி போன்ற ஃப்ளை) அடியில் ஓட விடுவீர்களா, ஸ்ட்ரீமரா (சின்ன மீன் போன்ற ஃப்ளை)? கடையில் கேட்டால் இருக்கிற ஃப்ளையை எல்லாம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும்: இது முட்டையிடும் காலம். முட்டையிட மீன் தோண்டி, சரளைக்கல்லில் வெளிறித் தெரியும் குழிகள் பக்கம் நான் கால் வைப்பதில்லை, அங்கே நிற்கும் மீனுக்கு வீசுவதும் இல்லை. அந்த யோசனை வேண்டாம்.

உங்கள் ஃப்ளை படம் இருந்தால் போடுங்கள், பார்த்து நானே கட்டிக்கொள்கிறேன்.