கிளையண்ட் கேட்டு நாம் எழுதும் கட்டுரைகள்: அவரவர் அனுபவம்

பாம்பனிலிருந்து:
புதிதாக எழுத வருபவர்கள் பலர் கிளையண்ட் அனுப்பும் குறிப்பில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு சுற்றுலா நிறுவனம் பாம்பன் பாலம் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தது. குறிப்பின் கடைசியில் ஒரு வரி: "குடும்பத்தோடு ரயிலில் வருபவர்களுக்குப் பயன்பட வேண்டும்." என்னைப் பொறுத்தவரை அந்த வரிதான் வேலையே. தலைப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1914-இல் திறந்த பழைய பாலத்தின் வரலாறு ஆயிரம் இடத்தில் கிடைக்கிறது. குழந்தைகளோடு வருபவருக்குத் தேவை வேறு. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப்பாலம் திறந்த பிறகுதான் ராமேஸ்வரம் வரை மறுபடியும் ரயில் வருகிறது. கப்பல் போக வேண்டுமானால், பழைய பாலம் இரண்டு பக்கமும் கை விரித்ததுபோல் மேலே திறந்துகொண்டிருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக மேலே ஏறும். காற்று பலமாக அடித்தால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள், அதனால் அன்றைக்கே திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போட வேண்டாம். இப்படி எழுதி அனுப்பினேன். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அனுப்பிய கட்டுரைகள் சிலவற்றில் ரயில் இன்னும் பழைய பாலத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததாம், அங்கிருந்த ஆசிரியர் போனில் சொன்னார். இணையத்தில் பழைய பக்கங்களைப் பார்த்து எழுதினால் இதுதான் நடக்கும். பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாம் அப்படி எழுதலாமா?

ராமேஸ்வரத்திலிருந்து:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. சில சமயம் குறிப்பிலேயே தவறு இருக்கும். மே மாதத்தில் எனக்கு ஒரு வேலை வந்தது: "துறைமுகத்தில் அதிகாலை விசைப்படகுகள் கரைக்கு வரும் காட்சி, நேரில் பார்த்து எழுதவும், 800 வார்த்தை, வெள்ளிக்கிழமைக்குள்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, விசைப்படகு எப்படி வரும்? படகெல்லாம் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தது. வலை பின்னுகிறவர்களும் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களும்தான் அங்கே இருந்தார்கள்.

சிலர் பழைய நினைவை வைத்து, நேரில் பார்த்தது போலவே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாசிக்கிறவர்களில் ஒரு மீனவர் இருந்தால் போதும், கிளையண்ட் பெயரும் போகும், உங்கள் பெயரும் போகும். எழுதத் தொடங்கும் முன்பே நாலு வரியில் மெயில் அனுப்பினேன்: இப்போது தடைக்காலம், நாட்டுப்படகுகள் போகின்றன, அதை எழுதலாம், அல்லது பழுது பார்க்கும் வேலையை எழுதலாம், எது வேண்டும்? அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். கெடுவும் மூன்று நாள் தள்ளிக் கொடுத்தார்கள். முன்கூட்டியே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கெடு நாளன்று கேட்டால்தான் பிரச்சினை.

கீழக்கரையிலிருந்து:
நான் பணத்தையும் உரிமையையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு மசாலா வியாபார நிறுவனம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் பற்றிப் பலரிடம் கட்டுரை கேட்டது. என்னுடையது வேண்டாம் என்று பதில் வந்தது. சரி, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து என் பத்திகள் இரண்டு அவர்கள் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன. முண்டு மிளகாய் காயப்போட்ட களத்தில் ஒரு பாட்டி என்னிடம் சொன்ன பேச்சுகூட மாறவில்லை! அது எனக்கு மிகவும் வலித்தது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் தனியாக எழுதுகிறவருடைய கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் செல்லும். நான் அனுப்பிய மெயிலைத் தேதியோடு இணைத்து, மரியாதையாக, இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினேன். இரண்டு பத்தியையும் எடுத்துவிட்டார்கள். அதனால் கட்டுரையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள், மெயிலிலும் அனுப்பி வையுங்கள். அந்த மெயிலிலேயே "தேர்வாகி, பணம் வந்த பிறகே பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி போடுங்கள். திருத்தம் எத்தனை முறை செய்து தருவீர்கள் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் பணம் தரும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமானவரி) பிடித்தால் பதற வேண்டாம், பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் வருமானவரிக் கணக்கில் அது வரவாகும்.

உச்சிப்புளியிலிருந்து:
காக்கா (அண்ணா), நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். கேட்கிற இடமெல்லாம் அவர்கள் தலைப்பில் ஒரு முழுக் கட்டுரையை மாதிரிக்கு இலவசமாக எழுதிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கீழக்கரையிலிருந்து:
வேண்டாம் தங்கச்சி. மாதிரிக்கென்று உங்கள் சொந்தத் தலைப்பில் ஒன்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் சின்னப்பாலம் என்ற ஊர்ப் பக்கம் போனால் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள், காலில் தகடு கட்டிக்கொள்வார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, பேசி, 500 வார்த்தை எழுதுங்கள். யார் மாதிரி கேட்டாலும் அதை அனுப்புங்கள். அவர்கள் தலைப்பில்தான் வேண்டும் என்று நின்றால், முதல் பத்தியை மட்டும் எழுதிக் கொடுத்து, மீதிக்கு உங்கள் விலையைச் சொல்லுங்கள்.