முதல் கேள்வி “எத்தினை மணித்தியாலம்?”

பாமசி அக்கா:
யாழ் டவுனுக்குள்ள ஒரு பாமசியில நிக்கிறன். போன மாசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஹெல்மெட் கழட்டாமல் ஒரு பிள்ளை வந்தது. பனடோல் ஒரு கார்ட் வாங்கிச்சுது. மற்றச் சனம் போகுமட்டும் நிண்டு, பிறகு போனைத் திருப்பிக் காட்டிச்சுது. போஸ்டினோர், பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கரு தங்காமல் இருக்கப் போடுற அவசரக் குளிசை. பக்கத்தில நிண்ட எங்கட பாமசி அண்ணை உரத்த குரலில, “கலியாணம் முடிச்சிட்டீங்களோ?” பிள்ளை பனடோலையும் விட்டிட்டுப் போட்டுது.

அடுத்தநாள் மத்தியானம் திரும்பி வந்தது. நான் கேட்டது உறவு நடந்து எத்தினை மணித்தியாலம் எண்டு மட்டும்தான். 40. முதல்நாள் வந்தநேரம் 22 ஆயிருக்கும். 72 வரைக்கும் போடலாம்தான், ஆனா பிந்தப் பிந்த பலன் குறையும். மிச்சம் 18ம் எங்கட வாசலில போனது.

வலிப்புக்கோ காசநோய்க்கோ குளிசை எடுக்கிறீங்களோ எண்டு கேட்டன், சிலது இதின்ர வேலையைக் குறைக்கும். இல்லையாம். தண்ணி குடுத்து அங்கயே போடவிட்டன். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி வந்தால் இன்னொண்டு போடோணும் எண்டும் சொன்னன். “அக்கா, இது கலைக்கிறதோ?” எண்டு மெதுவாக் கேட்டுது. இல்லையம்மா, முட்டை வெளியவாறதைப் பிந்தவைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கின கருவை ஒண்டும் செய்யாது.

குடும்பநல உத்தியோகத்தர்:
என்னட்ட வந்தவ ஏழுமாசக் கைப்பிள்ளையோட, நாலாம் நாள். பால் குடுக்கிற தாய் அந்தக் குளிசை போடக்கூடாதெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். போடலாம். ஆனா 72 தாண்டிட்டுது. ஐஞ்சு நாளுக்குள்ள எண்டால் கருப்பைக்குள்ள வைக்கிற செப்பு லூப் இருக்கு, குளிசையை விடத் திறமும் கூட. கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்கேலாது, டொக்டருக்குப் போன் அடிச்சு அண்டைக்கே போடுவிச்சம்.

தாதி ஒருத்தி:
பலாத்காரத்துக்கு உள்ளான ஒரு பிள்ளைக்கு, பொலிஸ் என்றி முடியட்டும் எண்டு குளிசையை ஒரு இரவு தள்ளி வைச்சதை நான் பாத்தனான். பொலிஸ் என்றியைப் பிறகும் போடலாம், குளிசையைத்தான் பிந்தவைக்கக்கூடாது. அண்டைக்கு நானும் வாய் திறக்கேல்லை.

பாமசி அக்கா:
தாதித் தங்கச்சி, இப்பவாவது எழுதினீங்களே. எங்கட அண்ணையும் இப்ப மணித்தியாலம்தான் கேக்கிறார். குரல்தான் இன்னும் குறையேல்லை.