பழைய மாசி 1035: சூடு ஏறுது, ஆயில் சொட்டுது, எதுல முதல்ல கை வைக்க?

முக்கூடல் சம்சாரி:
அண்ணாச்சிமாரே, வண்டி மாசி பெர்குசன் 1035 டிராக்டர், மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின். ரொம்ப வருசமா ஷெட்டுல நின்னது. இப்ப ஸ்டார்ட் ஆகுது, புகை பரவாயில்ல. குறைகள் இதுதான்:

ரோட்டவேட்டர் போட்டு அரை மணி நேரம் ஓட்டினா சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிருது. வாட்டர் பம்ப் அடியில தண்ணி சொட்டுது. கிளட்ச் ஹவுசிங் அடி ஓட்டையில ஆயில் சொட்டுது. டிப் ஸ்டிக்ல ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை ஏறி நிக்கி, ஆனா பால் மாதிரி வெளுக்கல. தெர்மோஸ்டாட்டை (தண்ணி சூடான பிறகுதான் ரேடியேட்டருக்கு வழி விடுற வால்வு) யாரோ முன்னமே கழட்டிட்டாங்க. இதுவரைக்கும் ஊத்தினதெல்லாம் போர் தண்ணி. ரேடியேட்டர் கடையில புது கோர் (உள்ள இருக்கிற குழாய்க் கூடு) போடச் சொல்லுதாங்க. கிளட்ச் பக்கம் வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்னு ஒரு பேச்சு. பிசானத் தொளிக்கு (பிசானப் பருவ நெல்லுக்கு வயலைச் சேறாக்குற உழவு) முன்னால வண்டி வயல்ல இறங்கணும். எங்கருந்து ஆரம்பிக்க?

பேட்டை பிட்டர்:
சூட்டை அப்புறம் பாப்போம் அண்ணாச்சி. ஆயில் மட்டம் ஏறுதுல்லா, அதைப் பார்க்கிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் தானா கூடாது. உள்ள தண்ணி இறங்கணும், இல்லன்னா டீசல் இறங்கணும். ரெண்டுமே பேரிங்கைத் தின்னுரும். மட்டம் ரொம்ப ஏறினா எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிச்சு, சாவியை அணைச்சாலும் நிக்காம ஓடும்.

எதுன்னு கண்டுபிடிக்கிறது லேசு. ராத்திரி முழுக்க வண்டி சமதரையில நிக்கட்டும். காலையில சம்ப் பிளக்கை (எஞ்சின் அடியில ஆயில் வடிக்கிற போல்ட்டு) மெதுவா தளர்த்துங்க. தண்ணி இருந்தா அடியில தங்கி நிக்கும், அதுதான் முதல்ல வரும். வரலன்னா பழைய தோசைக்கல் ஒண்ணை நல்லா காயவச்சு ஒரு சொட்டு ஆயில் விடுங்க. சடசடன்னு பொரிஞ்சா தண்ணி. சும்மா புகைஞ்சா தண்ணி இல்ல. அடுத்த சொட்டைப் பேப்பர்ல விட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. நடுவுல கறுப்பு, அதைச் சுத்தி எண்ணெய்ப் பலகாரம் வச்ச பேப்பர் மாதிரி வெளிறின வளையம் அகலமா பரவியிருந்தா டீசல். மோந்து பார்த்தாலே பாதி தெரிஞ்சிரும்.

இந்த எஞ்சின்ல டிரை லைனர், அதாவது சிலிண்டருக்குள்ள இருக்கிற உறையைத் தண்ணி நேரா தொடாது. அதனால ரப்பர் ரிங் வழியா தண்ணி இறங்குற பேச்சே கிடையாது. தண்ணின்னா ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு), இல்லன்னா ஹெட்டுல, பிளாக்ல கீறல். அதுக்கும் சோதனை உண்டு: எஞ்சின் ஆறியிருக்கையில ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு, ரேடியேட்டரை வாய் வரைக்கும் நிரப்பி, மூடி போடாம ஒரு நிமிசம் மட்டும் ஓட்டி ரேஸ் கொடுங்க. விடாம குமிழி வந்தா கேஸ்கட் போயாச்சு. ஆரம்பத்துல நாலஞ்சு குமிழி வந்து நின்னா அது உள்ள தங்கின காத்து.

வள்ளியூர் காத்தாடி:
புது கோருக்குக் காசை இறைக்காண்டாம். எங்க பக்கத்து போர் தண்ணி வீட்டுப் பாத்திரத்துலயே வெள்ளையாப் படியுது. ரேடியேட்டர்ல ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்னுரும். ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் புது உப்பு சேருது. அதுதான் குழாயை அடைக்குது.

சலவை சோடா கலந்த வெந்நீர் விட்டு ஓட்டி முதல்ல எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. அதை வடிச்சிட்டு, தண்ணி பிடிக்கிற அளவுக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட். எஞ்சின் நல்லா சூடாகி அரை மணி நேரம் ஓடட்டும். வெதுவெதுப்பா இருக்கையிலேயே வடிங்க, காப்பித் தண்ணி மாதிரி வரும். கலங்கல் நிக்கிற வரைக்கும் அலசி, ஆப்ப சோடா கொஞ்சம் கரைச்சு ஓட்டி, திரும்ப ரெண்டு தடவை அலசுங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும்னு விட்டா ஈயப்பத்தைத் தின்னுரும். கக்கூஸ் கழுவுற ஆசிட் பக்கமே போகாதீங்க.

பிளாக்ல இருக்கிற வடிகுழாயையும் திறக்கணும். நிறைய பேர் ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்துட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்காங்க. திறந்தும் தண்ணி வரலன்னா உள்ள துரு கட்டியாயிருக்கு, கம்பி விட்டுக் குத்தணும். விசிறிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கடைசி சிலிண்டரைச் சுத்தித்தான் சேறு தங்கும். அதுக்கும் அசையலன்னா கோர் பிளக்கை (பிளாக் பக்கவாட்டு ஓட்டையை அடைச்சிருக்கிற தகட்டு மூடி) தட்டி எடுத்துச் சுரண்டிட்டுப் புதுசு அடிங்க.

ஒரு எச்சரிக்கை: கழுவின பிறகு புதுசா ரெண்டு மூணு இடத்துல ஒழுகலாம். ஆசிட் ஓட்டை போட்டுச்சுன்னு திட்டாதீங்க, ஓட்டையை அதுவரைக்கும் உப்பு அடைச்சிருந்தது. அதான் புது ஹோஸ், புது பம்ப் எல்லாம் கழுவின பிறகு போடணும்.

வெளிப்பக்கமும் முக்கியம். வைக்கோல் தூசியை எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுற மாதிரி தண்ணி அடிங்க. முன்னாலிருந்து அடிச்சா இன்னும் உள்ள போய் இறுகும்.

களக்காடு வாழை:
தெர்மோஸ்டாட் இல்லாததே நல்லது. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?

பேட்டை பிட்டர்:
இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதி வண்டியில அதைக் காணோம் தம்பி. அது சுமார் 82 டிகிரியில திறக்க ஆரம்பிக்கும். அது இல்லன்னா லேசான வேலையில எஞ்சின் குளிர்ந்தே ஓடும், டீசல் முழுசா எரியாம சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயில்ல சேரும். பைபாஸ் வழி இருக்கிற எஞ்சின்ல சூட்டுத் தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே வராம சுத்திட்டிருக்கும். புதுசு வாங்கினாலும் பாத்திரத்துத் தண்ணியில நூல்ல கட்டி, அடி தொடாம தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வச்சுத் திறக்குதான்னு பார்த்துட்டுப் போடுங்க.

ரேடியேட்டர் மூடியையும் மாத்துங்க. 7 பவுண்டு அழுத்தம் தாங்குற மூடி சரியா பிடிச்சா தண்ணி 110 டிகிரிக்குப் பக்கத்துலதான் கொதிக்கும். ரப்பர் செத்துப் போச்சுன்னா 100லயே பொங்கிரும். எத்தனை பவுண்டுன்னு வண்டி மேனுவல்ல பார்த்து வாங்குங்க, கூடப் போட்டா பழைய கோர் தாங்காது.

வாட்டர் பம்ப் அடியில சொட்டுற ஓட்டை சீல் போனதைக் காட்டத்தான் இருக்கு. அதை எம்-சீல் வச்சு அடைச்சா தண்ணி பேரிங்குக்குள்ள போய், ஒருநாள் விசிறி ரேடியேட்டரை அறுத்துரும். ரிப்பேர் கிட் போடுங்க, சீலோட பேரிங்கும் சேர்த்து. பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அழுத்தினா 10, 12 மில்லிமீட்டர் இறங்கணும். விறைச்சு வச்சீங்கன்னா புது பேரிங்கும் அழும்.

முக்கூடல் சம்சாரி:
சோதனை பார்த்தாச்சு. தோசைக்கல்லுல பொரியல, குமிழியும் இல்ல. பேப்பர்ல வளையம் நல்லா அகலமா இருக்கு. அப்ப டீசல்தானா? கிளட்ச் பக்கம் சொட்டுறதுக்கு எப்ப பிரிக்க?

பேட்டை பிட்டர்:
டீசல்தான். முதல் சந்தேகம் ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இழுத்துத் தள்ளுற பம்ப்) டயாஃப்ரம், அதாவது உள்ள இருக்கிற சவ்வு. பம்ப்பைக் கழட்டி, டீசல் உள்ள வர்ற பக்கம் குழாய் கொடுத்து, வெளியேறுற வாயை அடைச்சு, கை லீவரை அடிங்க. பிளாக்ல உட்கார்ற பக்கம் டீசல் கசிஞ்சா கிட் மாத்தணும். கசியலன்னா இன்ஜெக்‌ஷன் பம்ப் ஷாஃப்ட் சீல், அது பம்ப் கடை வேலை, நீங்க திறக்காதீங்க. திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷர் எல்லாம் புதுசு. கிடைக்கலன்னா பழசைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா இளகிரும்.

வண்டியைப் பிரிக்கிற பேச்சை இப்ப விடுங்க. டீசல் கலந்து ஆயில் தண்ணியா ஓடுது, மட்டமும் கூட. கிராங்க் ஷாஃப்ட்டோட பின் முனையில, கிளட்ச் பக்கம் ஆயிலைத் தடுக்க இருக்கிறது கயிறு சீல், அது இதைத் தாங்காது. எஞ்சின் உள்காத்தை வெளியே விடுற ப்ரீதர் குழாயைக் கழட்டி டீசல்ல கழுவுங்க. அது அடைச்சிருந்தா உள் அழுத்தம் எல்லா சீல் வழியாவும் ஆயிலைத் தள்ளும். அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, பத்து மணி நேரம் வேலை பார்த்துட்டு அட்டை விரிச்சு நிறுத்துங்க. சொட்டுறது கறுப்பா இருந்தா எஞ்சின் ஆயில். தேன் நிறத்துல, கெட்டியா, கந்தக வாடையோட இருந்தா கியர் பக்கத்து சீல். ராத்திரிக்கு ரெண்டு சொட்டுன்னா இந்தப் பிசானம் ஓட்டிரலாம். கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சாத்தான் பிரிக்கணும்.

வள்ளியூர் காத்தாடி:
பிரிக்கிற நாள் வந்தா, முன் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கிருங்க. ஆக்சில் ஆடுற அமைப்பு, ஆப்பு இல்லன்னா எஞ்சின் பக்கவாட்டுல சாய்ஞ்சிரும். கயிறு சீலை உருட்டுக் கம்பியால ஹவுசிங்ல அழுத்தி, ரெண்டு முனையும் கால் மில்லியிலிருந்து அரை மில்லி வரைக்கும் வெளிய நிக்கட்டும். மட்டமா வெட்டினா அந்த மூட்டுலதான் ஒழுகும். உள்பக்கம் கிராஃபைட் கிரீஸ். திறந்தது திறந்தாச்சு, பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கியர் இன்புட் சீல் மூணையும் அப்பவே மாத்திருங்க. கிளட்ச் ஹவுசிங் அடி ஓட்டையில ஸ்பிளிட் பின் தொங்கினா எறிஞ்சிராதீங்க, தொளிச் சேறு அடைக்காம ஆடிட்டே இருக்கத்தான் அது.

ஊத்துறதுக்கு பேட்டரிக்கு விக்கிற சுத்தத் தண்ணி ரெண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. டாப்-அப்புக்கும் அதே கலவை ஒரு கேன்ல கலந்து வண்டியிலயே கிடக்கட்டும், இல்லன்னா வயக்காட்டுல கை தானா போர் குழாய்க்குத்தான் போகும்.