கிடங்கு இருந்தும் டெக்சாஸில் விற்பனை வரி ஏன் வசூலிக்கப்படவில்லை?

டாலஸ்வாசி:
2012-க்கு முன்பு அமேசானில் பொருள் வாங்கிய டெக்சாஸ்வாசிகளின் ரசீதில் விற்பனை வரியே இருக்காது என்று, இங்கே நெடுநாளாக வசிக்கும் பெரியவர் ஒருவர் கூறினார். ஆனால் டாலஸ் விமான நிலையத்தை அடுத்துள்ள இர்விங்கில் அந்நிறுவனத்தின் கிடங்கு அப்போதே இருந்ததாம். மாநிலத்திற்குள் இடம் வைத்திருப்பவர் வரி வசூலிக்க வேண்டும் என்பதுதானே விதி? விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

கணக்கர்:
விதி அதுவேதான். தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலிக்குமாறு ஒரு மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்று 1992-இல் குவில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இர்விங் கிடங்கு துணை நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது, அது எதையும் விற்பதில்லை, ஆகவே விற்பனை செய்யும் தமக்கு டெக்சாஸில் இருப்பிடமே இல்லை என்பது அமேசானின் வாதம். மாநிலத்தின் வரித்துறைத் தலைவராக இருந்த சூசன் கோம்ப்ஸ் இதை ஏற்காமல், 2010-இல் வட்டியும் அபராதமும் சேர்த்து 26.9 கோடி டாலர் கேட்டார். நிறுவனமோ 2011-இல் அந்தக் கிடங்கையே மூடிவிட்டது. 2012 ஏப்ரலில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவ்வாண்டு ஜூலை 1 முதல் வரி வசூலிக்கவும், 20 கோடி டாலர் முதலிட்டு 2,500 வேலைகளை உருவாக்கவும் அது ஒப்புக்கொண்டது. பழைய தகராறும் அத்துடன் தீர்ந்தது.

பழைய வாடிக்கையாளர்:
ரசீதில் வரி இல்லை என்பதால் வரியே இல்லை என்று பொருளன்று. விற்பவர் வசூலிக்காதபோது வாங்கியவரே அதைப் பயன்பாட்டு வரியாக மாநிலத்திற்குச் செலுத்தியிருக்க வேண்டும். (எனக்குத் தெரிந்து ஒருவரும் செலுத்தவில்லை, நானும்தான்.) மாநில வரி 6.25 விழுக்காடு, உள்ளாட்சி வரியையும் சேர்த்தால் 8.25 வரை போகும். நூறு டாலருக்குப் புத்தகம் வாங்கினால் எட்டேகால் டாலர் மிச்சம் என்றபோது, ஒழுங்காக வரி வசூலித்துக் கட்டிய பக்கத்துப் புத்தகக் கடைக்காரர்தான் அடிபட்டார்.

இன்னொருவன்:
நிறுவனம் இறங்கி வந்ததற்குச் சட்டத்தைவிட வணிகமே காரணம் என்பது என் கருத்து. ஓரிரு நாளில் பொருளைச் சேர்ப்பிக்க வேண்டுமானால் நகரங்களுக்கு அருகில் கிடங்கு வேண்டும். வரியைத் தவிர்ப்பதற்காகக் கிடங்கைத் தொலைவில் வைத்தால் அந்த வேகம் கிடைக்காது. மேலும், 2018-இல் வேஃபேர் வழக்கில் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் குவில் தீர்ப்பே கைவிடப்பட்டதால், உள்ளூரில் கிடங்கு இல்லை என்ற வாதத்திற்கு இப்போது இடமில்லை. 2019 அக்டோபர் முதல் டெக்சாஸில், அமேசான் போன்ற இணைய விற்பனைத் தளங்களில் விற்கும் பிற வணிகர்களுக்கான வரியையும் தளமே வசூலித்துச் செலுத்துகிறது.