பொருள்: உடனொளிர் துணிக்கையா, புளோரொளிர் துணிக்கையா?

கொக்குவிலிலிருந்து:
வணக்கம். உயர்தர உயிரியல் கருத்தரங்குக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கலத்துக்குள் ஒரு புரதம் எங்கே நிற்கிறது என்று பார்க்க, ஒளிரும் நனோத்துணிக்கையை அதில் ஒட்டி, நீல ஒளி பாய்ச்சி, நுணுக்குக்காட்டியில் படமெடுக்கிறார்கள் அல்லவா? அந்தத் துணிக்கைக்குப் பெயர் தேவை. ஆங்கில 'fluorescent'ஐத் தழுவிய 'புளோரொளிர்' பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை.

பருத்தித்துறையிலிருந்து:
மாஸ்டர், 'நனோ' எதற்கு? நம்மிடம் 'நனி' இருக்கிறதே! கிரேக்கத்து 'நானோஸ்' இங்கிருந்து போனது என்றே எனக்குப் படுகிறது. 'நனியொளிரி' என்று வையுங்கள்.

மானிப்பாயிலிருந்து:
அண்ணை, உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்கள். கிரேக்கச் சொல்லோ குள்ளனைக் குறிப்பது. மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மிகுதிச் சொல்லா? எங்கள் ஊரில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியர் 1875இல் இரசாயன நூலுக்கு ஆங்கில 'கெமிஸ்ட்ரி'யைத் தழுவிக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். நனோ இருக்கட்டும்.

பருத்தித்துறையிலிருந்து:
அந்தக் கெமிஸ்தம் இப்போது எங்கே, தம்பி?

சென்னையிலிருந்து:
விளக்கை அணைத்த பிறகும் ஒளி நீடித்தால் 'நின்றொளிர்வு', உடனே அணைந்தால் 'உடனொளிர்வு'. சோடியாகப் படித்தால் மறக்காது. அப்புறம், இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852இல் 'fluorescence' என்ற ஆங்கிலச் சொல்லை ஆக்கியதே புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்துதான். இத்தகைய துணிக்கை செய்ய உதவும் கட்மியம் செலனைட்டில் புளோரினே கிடையாது, 'புளோர்' எதற்கு?

கோப்பாயிலிருந்து:
'மின்மினித்துணிக்கை' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குமே?

மானிப்பாயிலிருந்து:
விளங்கும் ரீச்சர், ஆனால் பிழையாக விளங்கும். மின்மினி தன் உடம்பில் நடக்கும் இரசாயனத் தாக்கத்தால் ஒளிர்கிறது. இது வெளியிலிருந்து ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தருகிறது.

கொக்குவிலிலிருந்து:
சரி, அளவுக்கேற்ப நிறம் மாறி ஒளிரும் துணிக்கையைச் சொல்லும் 'குவாண்டம் புள்ளி'க்கு என்ன செய்வது? கட்மியம் செலனைட்டில் 2 நனோமீற்றர்த் துணிக்கை நீலமாகவும் 6 நனோமீற்றர்த் துணிக்கை சிவப்பாகவும் ஒளிரும் என்ற பகுதி கையேட்டில் வருகிறது. அதற்குக் கிடைத்த 2023 இரசாயன நோபல் பரிசையும் சேர்த்திருக்கிறேன். குவாண்டம் எண்ணைச் 'சக்திச் சொட்டெண்' என்று படித்த பிள்ளைகளுக்குச் 'சொட்டுப்புள்ளி' பொருந்தாதா?

மானிப்பாயிலிருந்து:
கண்ணுக்கு விடும் மருந்து என்று நினைப்பார்கள். கட்மியம் நஞ்சு, மாஸ்டர்! ஆய்வுகூட எலியைத் தாண்டி நோயாளியிடம் வரத் தயங்குவதே அதனால்தான். அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், பெயரைவிட அது முக்கியம்.

கொக்குவிலிலிருந்து:
எழுதுகிறேன். பெரும்பாலானோர் 'உடனொளிர் நனோத்துணிக்கை' பக்கம் நிற்பதால் அதையே போடுகிறேன். குவாண்டம் புள்ளி அப்படியே போகட்டும். அச்சகத்தார் இரண்டு தரம் போன் கோல் எடுத்துவிட்டார்.

பருத்தித்துறையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'நனி' பற்றி நாளை விரிவாக எழுதுவேன்.