இணையதளம் கேட்காமலே என் கணினியின் போர்ட்டுகளைச் சோதிப்பது முறையா?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். நான் வலைத்தள வடிவமைப்பு வேலை செய்பவள். ஒரு பெரிய விற்பனைத் தளத்தின் முகப்புப் பக்கம் ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று பார்ப்பதற்காக உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தேன். அங்கே 127.0.0.1 என்ற முகவரிக்கு, அதாவது என் கணினிக்கே, அடுத்தடுத்துப் பல இணைப்பு முயற்சிகள் சிவப்பு எழுத்தில் நின்றன. முகவரிகளின் இறுதியில் 3389, 5900, 5938, 7070 என்று வெவ்வேறு போர்ட் எண்கள் (கணினியில் ஒவ்வொரு மென்பொருளும் இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசல் எண்கள்) இருந்தன. நான் அந்தத் தளத்தில் உள்நுழையவும் இல்லை, எதையும் வாங்கவும் இல்லை. அதே பக்கத்தை லினக்ஸ் கணினியில் திறந்தபோது இந்த முயற்சிகள் எவையும் தென்படவில்லை. என் விண்டோஸ் கணினியில் வைரஸ் புகுந்திருக்கிறதா, அல்லது தளமே இதைச் செய்கிறதா? தளம்தான் செய்கிறது என்றால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வதற்கு அதற்கு என்ன உரிமை இருக்கிறது?

கரிசல்காடு:
வைரஸ் என்று அஞ்ச வேண்டாம். பக்கத்தோடு சேர்ந்து வந்து உலாவிக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் செய்யும் வேலை இது. 2020 மே மாதத்தில் ஈபே என்னும் இணைய விற்பனைத் தளம் இதையே செய்வது வெளிவந்து பெரும் விவாதமானது. நீங்கள் கண்ட எண்கள் எல்லாம் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருள்களுக்கு உரியவை: 3389 விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், 5900 விஎன்சி, 5938 டீம்வியூவர், 7070 எனிடெஸ்க். ஈபே இப்படி 14 போர்ட்டுகளைச் சோதித்தது. அங்கும் லினக்ஸில் வந்தவர்களை விட்டுவிட்டது.

ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் வேறு முகவரியிலிருந்து வரும் பதிலைப் படிக்க முடியாதபடி உலாவி பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் வெப்சாக்கெட் என்னும், தொடர்ந்து திறந்திருக்கும் வகை இணைப்பை எந்த முகவரிக்கு வேண்டுமானாலும் தொடங்கிப் பார்க்க ஸ்கிரிப்டுக்கு வழி இருந்தது. அந்தப் போர்ட்டில் ஒரு மென்பொருள் காத்திருந்தால் இணைப்பு முறிய ஒரு அளவு நேரம் ஆகும்; யாருமே இல்லாவிட்டால் அந்த நேரம் வேறாக இருக்கும். உள்ளே இருப்பதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல், அந்த நேர வேறுபாட்டை வைத்தே எந்த மென்பொருள் ஓடுகிறது என்று ஊகித்துவிடலாம்.

ஈபேயில் ஓடிய ஸ்கிரிப்ட் த்ரெட்மெட்ரிக்ஸ் என்னும் மோசடித் தடுப்புச் சேவையினுடையது. லெக்சிஸ்நெக்சிஸ் குழுமம் 2018-இல் அதை வாங்கியது. ஸ்கிரிப்ட் ஈபேயின் பெயரைத் தாங்கிய முகவரியிலிருந்து வந்ததால், அது வெளியார் சரக்கு என்று சாதாரணப் பயனருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

மணிமுத்தாறு:
நான் பணப் பரிமாற்ற மோசடிகளைக் கண்காணிக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். அந்தத் தரப்பையும் சொல்லியாக வேண்டும். "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று முதியவர் ஒருவரை அழைத்து, எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவச் செய்து, அவர் கண்ணெதிரிலேயே கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். அப்போது எங்களுக்கு வரும் கோரிக்கையில் ஐபி முகவரி அவருடையது, உலாவி அவருடையது, குக்கியும் (தளம் உலாவியில் சேமித்து வைக்கும் அடையாளக் குறிப்பு) அவருடையது. ஓடிபியைக்கூட அவரே சொல்லியிருப்பார். கணினியைத் தொலைவிலிருந்து வேறொருவர் இயக்கக்கூடும் என்ற ஒரே ஒரு குறிப்புதான் சில வேளைகளில் பணத்தை நிறுத்தி வைக்க எங்களுக்குக் கைகொடுக்கிறது. அந்த முதியவர்களோடு பேசியவன் என்ற முறையில், இந்தச் சோதனையை முழுக்கத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் அதற்குரிய இடம் பணம் செலுத்தும் பக்கம். சும்மா பார்த்துப் போக வருபவரின் கணினியைச் சோதிக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

தொடுவானம்:
மணிமுத்தாறு சொல்லும் வரம்பை நிறுவனங்கள் தாமாகக் காத்ததில்லை என்பதுதான் என் கவலை. பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் வங்கி, வாடிக்கையாளரா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே, உள்நுழைவுப் பக்கத்துக்கு வருவோரின் கணினிகளைச் சோதித்தது 2018-இலேயே செய்தியானது.

அதைவிட மோசமானது 2025 ஜூன் மாதம் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் சில போர்ட்டுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தன. அவற்றின் உரிமையாளரான மெட்டாவின் பிக்சல் என்னும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் பொருத்தப்பட்ட தளம் ஒன்றை உலாவியில் திறந்தால், அந்த ஸ்கிரிப்ட் 127.0.0.1 வழியாகக் குக்கி எண்ணைச் செயலிக்குக் கொடுத்துவிடும். செயலியில் நம் கணக்கு இருப்பதால் இன்ன தளத்துக்குப் போனவர் இன்னார் என்று தெரிந்துவிடும். இன்காக்னிட்டோ என்னும் மறைமுக முறையில் உலாவியவர்களும், குக்கிகளை அழித்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் இணைய நிறுவனம் இதே போன்ற முறையை 2017 முதல் பயன்படுத்தி வந்திருக்கிறது. விவரம் வெளியான அன்றே மெட்டா நிறுத்திக்கொண்டது. மோசடித் தடுப்புக்கு என்று நாம் விட்டுக்கொடுக்கும் அதே வழியில்தான் விளம்பரத்துக்காக வேவு பார்ப்பவர்களும் வருகிறார்கள். ஸ்கிரிப்டின் நோக்கத்தை உலாவியால் பிரித்தறிய முடியாது. ஐரோப்பாவின் மின்தனியுரிமை நெறிமுறை, பயனரின் சாதனத்தில் உள்ள தகவலை எடுக்க, அவர் கேட்ட சேவைக்குக் கண்டிப்பாகத் தேவைப்பட்டாலன்றி, முன்னனுமதி வேண்டும் என்கிறது. அந்த அளவாவது எல்லா நாட்டினருக்கும் கிடைக்க வேண்டும்.

நெய்தல்:
மூவருக்கும் நன்றி. அந்த முதியவர்களின் நிலை என்னையும் யோசிக்க வைக்கிறது. ஆனால் உள்நுழையாத என்னைச் சோதித்ததற்கு அது காரணமாகாது. இப்போதைக்கு என் அளவில் இதைத் தடுக்க என்ன செய்யலாம்?

கரிசல்காடு:
ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்னும் தடுப்பு நீட்சியை நிறுவி, அதன் வடிகட்டிப் பட்டியல்களில் தனியுரிமைப் பிரிவுக்குப் போனால், வெளித்தளங்கள் உள் வலையமைப்பைத் தொடுவதைத் தடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். பிறகு அதே பக்கத்தைத் திறந்து நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள், அந்த முயற்சிகள் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். குரோம் 2025 இறுதியில் வந்த 142-ஆம் பதிப்பிலிருந்து உள் வலையமைப்பைத் தொட முயலும் தளத்துக்கு நம்மிடம் அனுமதி கேட்கிறது. ஆனால் அது வெளிவந்தபோது, நீங்கள் கண்ட சோதனைக்குப் பயன்படும் வெப்சாக்கெட் இணைப்புகள் அந்த அனுமதிக்குள் அடங்கவில்லை. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அலுவலகத்தின் உள் தளங்களோ வீட்டு பிரிண்டரின் அமைப்புப் பக்கமோ இதனால் வேலை செய்யாமல் போனால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.