பழைய கணினி: திரையில் எதுவும் இல்லை, ஒலி மட்டும் நிற்கவில்லை. வாங்கலாமா?

கோவைவாசி: என் சேகரிப்பில் சேர்க்க 1980களின் வீட்டுக் கணினி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். மின்சாரம் கொடுத்ததும் எழும் ஒலி நிற்காமல் தொடர்கிறது. திரையில் எழுத்தே வரவில்லை. நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறார் விற்பவர். விரைந்து பதில் தாருங்கள்.

நிலவன்: எந்தக் கணினி? என்ன விலை? அடியில் உள்ள தகட்டில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது?

கோவைவாசி: பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ, மாடல் பி. ஒரு பள்ளியில் இருந்ததாம்.

மின்தச்சன்: முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் மஞ்சள் நிறக் காகித மின்தேக்கிகளின் உறை நாளடைவில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சும். பிறகு ஒருநாள் அறை முழுவதும் நாற்றப் புகைதான். அவற்றை மாற்றாமல் இயக்கவே கூடாது.

மூத்தவர்: இதைப் பலமுறை விளக்கியாகிவிட்டது, மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைப் படிக்கத்தான் எவருக்கும் பொறுமை இல்லை. நலமான பிபிசி மைக்ரோவில் முதலில் தாழ்ந்த ஒலி எழும், உடனே உயர்ந்த 'பீப்' கேட்டு அடங்கும். மின்சாரம் கிடைத்ததும் ஒலிச்சில்லு தானாகவே ஒலிக்கும். இயக்க மென்பொருள் ஓடத் தொடங்கிய பின்னரே அதை அடக்கும். ஆகவே ஒலி நிற்கவில்லை என்றால் 6502 செயலி வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள். அந்த மின்தேக்கிகளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

நிலவன்: பள்ளி என்றதால்தான் மீண்டும் கேட்கிறேன். 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோக்கள் வழங்கப்பட்டன. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனமும் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதைத் தயாரித்தது. அதுவாக இருந்தால் ஓடாவிட்டாலும் வாங்கலாம்.

மூத்தவர்: அப்படியானால் ஒரு பாகத்தைக்கூட மாற்றக் கூடாது. அசல் நிலை போய்விட்டால் அது வெறும் கணினிதான்.

மின்தச்சன்: எரிந்துபோன அசலை என்ன செய்வீர்கள், ஐயா? கழற்றிய மின்தேக்கிகளை ஓர் உறையிலிட்டுக் கணினியோடு வைத்தால் போயிற்று.

மூத்தவர்: அந்தத் தர்க்கத்தில் மின்வழங்கியையே உறையில் வைத்துவிடலாமே.

தேன்மொழி: நாளை என்ன செய்வது என்பதுதானே கேள்வி? விற்பவரின் இசைவோடு, மின்கம்பியை உருவிவிட்டு, பின்புறம் இரண்டும் அடியில் இரண்டுமாக 'ஃபிக்ஸ்' என்று குறித்திருக்கும் திருகுகளைக் கழற்றுங்கள். மின்வழங்கிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். கணினியை மறுதொடக்கம் செய்யும் 'பிரேக்' விசை அழுந்தியபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தாலும் இதே ஒலிதான் தொடரும். பிறகு இயக்க மென்பொருள் பதிந்திருக்கும் ரோம் சில்லுகளைச் சாக்கெட்டில் ஒவ்வொன்றாக மெல்ல அழுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலும் குளிரும் பட்டுப்பட்டு அவை மேலெழும்பியிருக்கும். மீட்டர் இருந்தால், மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பலகைக்கு 5 வோல்ட் வருகிறதா என்றும் அளந்துவிடுங்கள். எதற்கும் அசையாவிட்டால், பழுதான கணினிக்குரிய விலையை மட்டும் சொல்லுங்கள்.

கோவைவாசி: ரோம்களை அழுத்தியதும் 'பீப்' வந்தது, திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று தெரிந்தது. வாங்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மின்தச்சன்: மின்தேக்கிகளை மாற்றும்வரை கணினியை இயக்கத்தில் விட்டுவிட்டு அறையை விட்டு நகராதீர்கள்.

நிலவன்: தகட்டில் எந்த ஊர் என்று சொல்லாமலே போய்விட்டீர்களே!